பத்து மணிக்கு ஒரு ரிங்

"ஃபோனை இங்க வெச்சுட்டுப் போ. ஒரே ஒரு வாரம்" என்றார் எவாந்தியா, மேசை இழுப்பறையைத் திறந்தபடி.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் ஒரு கல்லூரி அது. மாணவர்களின் மனக்கஷ்டங்களைக் கேட்பதுதான் எவாந்தியாவின் வேலை. எதிரே உட்கார்ந்திருந்த அசிமீனா ஃபோனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"முடியாது மேடம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்க்கறே?"

"எண்ணினதில்லை. குளிக்கப் போனாலும் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போவேன்."

தூக்கம் போய், மூன்று பாடங்களும் போன பிறகுதான் இங்கே வந்திருந்தாள்.

"அப்படி யார் கூப்பிடப் போறாங்க?"

"அம்மா கடைசியா கூப்பிட்டப்போ சைலன்ட்ல போட்டு வெச்சிருந்தேன் மேடம். அன்னிக்கே போயிட்டாங்க. இப்ப லிம்னோஸ் தீவுல அப்பா தனியா இருக்கார். மீன் பிடிக்கிறவர். காலையில பத்து மணிக்குக் கரைக்கு வந்ததும் ஒரு ரிங் கொடுத்து கட் பண்ணுவார். நான் திருப்பி ஒண்ணு கொடுக்கணும். அப்புறம்தான் காப்பியே குடிப்பார்."

எவாந்தியாவின் முகம் இளகியது.

"நான் படிச்சப்போ ஹாஸ்டலுக்கே ஒரு ஃபோன்தான். ரெண்டு தடவை அடிச்சு நின்னா எங்கம்மா. மூணுன்னா மேல்மாடி க்ரிஸூலாவோட அம்மா. ஒருத்தரும் எடுக்க மாட்டோம். 'ஏய், உங்கம்மா நல்லாருக்காங்களாம்'னு மாடிப்படியிலேர்ந்து குரல் மட்டும் வரும். அதோட அன்னிக்கு நிம்மதி."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது அவருக்கு அப்படி அடிக்க யாரும் இல்லை. கணவர் போய் வெகு காலமாகிவிட்டது. பெர்லினில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். அந்தப் பழைய நிம்மதியை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருந்தது.

"சரி, அந்த ரிங்கை நான் பார்த்துக்கறேன். திருப்பியும் கொடுக்கறேன். உங்கப்பாகிட்டயும் விஷயத்தைச் சொல்லிடறேன். என்னிக்காவது வரலைன்னா, நீ எந்த வகுப்புல இருந்தாலும் ஓடி வந்து சொல்வேன். நான் வரலைன்னா அவர் காப்பி குடிச்சாச்சுன்னு அர்த்தம்."

அசிமீனா, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் ஃபோனை இழுப்பறைக்குள் வைத்தாள்.

அடுத்த வாரம் பத்து மணிக்குச் சற்று முன்னால் வந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மங்கியிருந்தது.

"முதல் ரெண்டு நாள் உயிரே போயிடுச்சு மேடம். பத்து மணியானா கதவையே பார்த்துக்கிட்டு இருப்பேன். நீங்க வரலை. அப்புறம் கதவைப் பார்க்கறதும் விட்டுப்போச்சு. நேத்து பத்து மணி தாண்டினதே தெரியலை."

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

எவாந்தியா சிரித்துக்கொண்டே ஃபோனை எடுத்துக் கொடுத்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. அசிமீனாவின் கையில் ஃபோன் சும்மாவே இருந்தது. பத்தாகி ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"மேடம், அப்பா... அடிக்கலையே?"

எவாந்தியா முகம் சிவக்க, காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அவருடைய கைப்பைக்குள் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது.

அவசரமாகத் தன் ஃபோனை எடுத்து, திருப்பி ஒரு ரிங் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கவலைப்படாதே. உங்கப்பா இப்ப காப்பி குடிப்பார்."