சிவப்புக் கோட்டைத் தாண்டும் முள்

சோதனைக்கூடத்து ஜன்னல் வழியே காலை வெயில் அழுத்தும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து விழுகிறது. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஒரு கான்கிரீட் கட்டி இருக்கிறது. இடித்த பழைய மருத்துவமனையின் இடிபாட்டை நொறுக்கி, மலையில் உடைத்த புதுக் கல்லுக்குப் பதிலாக, கலவைப் பொறுப்பில் இருக்கும் அவள் கலந்து வார்த்த கட்டி. அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை இயந்திரத்தின் முள் காட்டும்; சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டும். இது தாங்கினால் அந்த இடிபாடு முழுவதும் புதுக் கட்டடத்துக்குள் போகும். தாங்காவிட்டால் லாரி லாரியாக ஏரியில் போய் விழும். கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் அவள் கணவன்தான். கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். "வீட்ல நீ சொன்னா கேட்டுக்கறேன். இங்க முள்ளு சொன்னாத்தான்." "முள்ளு எவ்வளவோ தேவல. உங்கள மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காது." இயந்திரக்காரர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்." இயந்திரம் உறுமுகிறது. முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது, தாண்டுகிறது, இன்னும் ஏறுகிறது. பிறகுதான் டப்பென்று கட்டி உடைகிறது. "பாஸும்மா! தாராளமா பாஸு!" இயந்திரக்காரர் கத்துகிறார். கணவன் குனிந்து ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்புகிறான். அதில் நகக்கண் அளவு நீலப் பெயின்ட். "நம்ம பொண்ணு பொறந்த வார்டு கலர்டி இது." சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். "பேனா குடு." காலையிலிருந்து உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த பேனாவை அவள் நீட்டுகிறாள். அது வியர்வையில் நனைந்திருக்கிறது.