வாயை மூடத் தெரியாதவர்

விடிந்து இரண்டு நாழிகை. எருசலேமின் பென்யமீன் வாசலில் நாற்பத்தொரு பேர் வரிசை. கடைசி ஆள் அத்தாராள்.

எகிப்துப் படை வருகிறதென்று கேட்டு, முற்றுகையிட்டிருந்த கல்தேயர் கூடாரத்தைச் சுருட்டி நாலு நாள் ஆகிறது.

முன்னால் முக்காடிட்டு நின்ற கிழவர் திரும்பினார். “எந்த ஊரும்மா?”

“கிபியா. பொண்ணு அங்க இருக்கா. பார்த்து ஆறு வருஷம்.” சொன்ன பிறகுதான் முகத்தைக் கவனித்தாள். “ஐயோ! ஊர் எரியும்னு தெருத்தெருவா கத்துற தீர்க்கதரிசிதானே நீங்க? இங்கயாவது வாயை மூடிக்கிட்டு வாங்க. என்னையும் மாட்டி விட்டுடாதீங்க.”

“உனக்கென்ன பயம்?”

முக்காட்டை ஒதுக்கிக் காட்டினாள். வலது காதில் துளை. எஜமானின் கதவோடு வைத்துக் குத்தூசியால் அடித்தது. ஆயுசுக்கும் அடிமை என்ற அடையாளம்.

“முற்றுகை நேரத்துல எஜமானுங்க கன்னுக்குட்டியை ரெண்டாப் பிளந்து, நடுவுல நடந்து, ஆண்டவர் பேரால சத்தியம் பண்ணித்தான் எங்களை விட்டாங்க. அன்னிக்கு எங்களுக்கு அப்பம் போட அவங்களுக்கு வக்கில்ல. கல்தேயன் போனதும் சத்தியமும் போச்சு! காதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப இழுத்துட்டுப் போறாங்க.”

வரிசை நகர்ந்து கிழவரின் முறை வந்தது.

காவல் தலைவன் மல்கீயேல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. “போ, பெரிசு.”

வாசலைத் தாண்டி வெயிலில் போய் நின்றார்.

“அடுத்து. முக்காட்டை எடுடி.”

அத்தாராள் முக்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மல்கீயேல்!” வெளியிலிருந்து கிழவர் அலறினார். “கன்னுக்குட்டி நடுவுல நீயும்தானே நடந்தே? அதுக்கு ஆன கதிதான் உனக்கும்! இந்த ஊர் எரியும்டா!”

“அட, நம்ம சாபக்காரக் கிழம்! கல்தேயன்கிட்ட ஓடப் பார்க்கிறியா, துரோகி? பிடிங்கடா!”

“பொய்! நான் யார்கிட்டயும் ஓடல!”

காவலர் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். மல்கீயேலும் ஓடினான். அடி விழுந்தது.

அத்தாராளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘பாவி மனுஷா, போன்னு சொன்ன பிறகுமா உனக்கு வாய்?’

கைகளைப் பின்னால் கட்டி உள்ளே இழுத்து வந்தார்கள். உதடு கிழிந்தும் திட்டு நிற்கவில்லை. அவளைத் தாண்டியதும், முதுகுப் பக்கம் கட்டுண்ட விரல்கள் மட்டும் அசைந்தன: போ, போ.

வாசலில் காவலுக்கு ஒருவரும் இல்லை.

கல்தேயர் திரும்பி வந்தார்கள். மறு வருடம் நான்காம் மாதம் ஒன்பதாம் நாள் மதில் உடைந்தது. அதே வாசல் வழியாக, கைகளைத் தூக்கியபடி கல்தேயரிடம் முதலில் ஓடியவன் மல்கீயேல்.