மஞ்சள் கட்டியின் பெயர்

வாரந்தோறும் நடக்கும் ரசாயனப் பாடத்துக்கு மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஊர் ஆண்கள், இந்தப் பக்கம் பதினொரு பெண்கள். மேடையில் சாமுவேல் உபாத்தியாயர் ஒரு மஞ்சள் கட்டியைக் கொளுத்தி, அந்தப் புகையில் ஈர ரோஜாவைப் பிடித்தார். பார்க்கப் பார்க்கச் சிவப்பு வெளுத்துப் போனது.

"இந்தக் கட்டிக்கு என்ன பேரு? போன வாரமே சொன்னேன். தட்டிக்குப் பின்னாலயிருந்து பதில் வரட்டும்."

வராவிட்டால் அடுத்த வாரம் அந்த இடத்திலும் ஆண்களுக்கே பெஞ்சு போடுவதென்று ஊர்ச் சபையில் முடிவாகியிருந்தது. உலகம்மாளுக்குப் பதில் தெரியும். ஆனால் முன்வரிசையில் அவள் புருஷன் கந்தப்ப பிள்ளை உட்கார்ந்திருந்தார். புருஷன் பேரை வாயால் சொல்லலாகாது என்று, கல்யாணமான நாள் முதல் கந்தல் துணியைக்கூடக் கிழிசல் என்றே சொல்லி வந்தவள் அவள்.

"எங்க வீட்டு அவுக பேருல பாதி," என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "பொம்பளைக்கு எதுக்குய்யா கெமிஸ்திரி?" என்றது ஒரு குரல்.

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்து நின்றாள்.

"கந்தகம்!"

அந்தப் பக்கத்துத் தலைகளெல்லாம் தட்டியை நோக்கித் திரும்பின.

"கந்தகம் எரிஞ்ச புகைதான் பூவை வெளுக்க வச்சுது. கந்தகம்!"

பெண்டாட்டி வாயில் தன் பேரைக் கேட்டறியாத கந்தப்ப பிள்ளை, கூப்பிட்டது போலச் சட்டென்று எழுந்து நின்றார்.

"உங்களை இல்ல, உக்காருங்க," என்றது தட்டிக்குப் பின்னாலிருந்த குரல். "நான் பாடம் சொல்லுதேன்."