நீல முட்டை

வாசலுக்கு வரும்போதே குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

பெயிண்டரின் மனைவி ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். சந்தேகமே இல்லை, கூடத்திலிருந்துதான். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த முட்டைகளைத் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள்.

காலையில் அடித்த காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துபோனது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்தது ஒரு பழைய பேட்டரி. அதில் ஒரே ஒரு பிளக்.

அந்த ஒரு பிளக்குக்கு இரண்டு வயர்கள் போட்டி. ஒன்று, உள்ளறையில் அவள் கணவருக்கு மூச்சுக் கொடுக்கிற மெஷினுடையது. இன்னொன்று, கூடத்தில் குஞ்சு பொரிக்கிற பெட்டியுடையது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் பேட்டரி ஒரு முறை கத்திவிட்டுப் படுத்துவிடும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மெஷினை மாட்டினாள்.

யோசித்தவர் அவர்தான்.

கார்களுக்குப் பெயிண்ட் அடித்தே நுரையீரலைத் தொலைத்த மனிதர். அவர் கைபட்ட வண்டிகளெல்லாம் இன்னும் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவருக்குத்தான் உள்ளறையிலிருந்து கூடத்துக்கு வரவே சுவர் துணை வேண்டியிருந்தது. பட்டறையில் இருந்த காலத்தில் எவ்வளவு அவசரமானாலும் பெயிண்ட் ஹோஸை வட்டமாகச் சுற்றி வைக்காமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்.

பட்டறை போன பிறகு கோழிகள்தான் எல்லாம். கொல்லையில் சாதிக்கு ஒன்றாகச் சேர்த்தார். எலும்பு வரை கறுத்த கருங்கோழி. கழுத்தில் ஓர் இறகும் இல்லாத மொட்டைக்கழுத்து. கால் விரல் வரை இறகு முளைத்த ஒன்றுக்கு ‘பேன்ட் போட்டவள்’ என்று பெயர். எல்லோருக்கும் ராணி, நீல முட்டை இடுகிற கொண்டைக்காரி.

அந்தக் கொண்டைக்காரியைப் போன மாதம் நாய் கடித்துப் போட்டது. அவள் கடைசியாக இட்ட முட்டைகளும் பெட்டிக்குள்தான் இருந்தன. மற்றவை போனால் வேறு கிடைக்கும். அவை போனால் அந்தச் சாதியே போயிற்று. இன்றைக்கென்று பார்த்து ஓடுகளில் விரிசல் விட்டிருந்தது.

“முட்டைக்குக் குடு. நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்” என்றார்.

மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பேசாமல் ஒரு கோழியையே கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கலாமே என்று கேட்டாள். பெட்டியோடு தூக்கிக் குப்பையில் கொட்டுகிறேன் என்றாள். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று அவர் வழக்கம்போலச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அந்த இருமல் அடங்க வெகுநேரமானது.

அதன் பிறகு அவர் முட்டைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பேட்டரி மதியம் வரை தாங்குவதே சந்தேகம். அதற்குள் சிலிண்டர் வாங்கி வந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு டிரைவர் வேனை எடுத்தார். கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. வெந்நீர் பாட்டில் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, கனத்த போர்வையால் மூடிவிட்டுப் போனாள்.

வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. ஊரைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கடையில் இவளுக்கு முன்னால் நீளமான வரிசை. பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று நிமிஷத்துக்கொரு முறை மணி பார்த்தாள். திரும்பி வருகிற வழியில் யார் யாரையோ வேண்டிக்கொண்டாள்.

இப்போது இந்தச் சத்தம்.

போர்வை காப்பாற்றிவிட்டது. ஓட்டுக்குள் கிடந்த குஞ்சுகளே தாக்குப்பிடித்திருக்கும்போது அவருக்கு என்ன ஆகியிருக்கப்போகிறது?

சிலிண்டரை அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். மெஷினின் இரைச்சல் கேட்கவில்லை. இந்தக் கத்தலில் எதுதான் கேட்கும்?

“என்னங்க, காதுல விழுதா? உங்க பிள்ளைங்க வந்தாச்சு. போர்வை போட்டது யாரு?”

பேசினால் மூச்சு வாங்கும் என்று பல நேரம் அவர் பதில் சொல்வதில்லை. ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டு போய் அவர் நெஞ்சிலேயே விடலாம் என்று போர்வையை விலக்கினாள்.

கறுப்பாக ஒன்று உருண்டது. மொட்டைக்கழுத்துகள் இரண்டு ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. மூலையில், உடைந்த நீல ஓட்டுக்குப் பக்கத்தில், ஈரம் காயாமல் ஒன்று தலைதூக்கப் பார்த்தது.

எல்லாம் நன்றாகத் தெரிந்தன. பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவள் வயரோடு பார்வையைக் கொண்டுபோனாள். அது தரையோடு சென்று உள்ளறை வாசலில் இருந்த பேட்டரியில் மாட்டியிருந்தது.

பேட்டரியின் பக்கத்தில் மெஷினின் வயர். வட்டமாகச் சுற்றி, நுனியைச் செருகி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.