தொங்கவிட்டபோது ஓடிய கேமரா

வேலைநிறுத்தத்தை ஒரே வாரத்தில் முடித்துவைத்த லேபர் கான்ட்ராக்டர் கங்கப்பனுக்கு, ஓசூரில் ‘அமைதிச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். போன மாதம் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய உத்தனப்பள்ளி மாரிசாமியை இரும்புத் தடியால் அடித்துக் கொன்ற அவர் கை, அன்று முழங்கைவரை சந்தனம் பூசிக்கொண்டது.

விழாவை வீடியோ எடுத்த பிரகாசம் பொத்தானை மாற்றி அமுக்கித் தொலைத்தான். முகத்துக்கு நேரே பிடித்தபோதெல்லாம் கேமரா நின்றது; கையில் தொங்கவிட்டு நடந்தபோதெல்லாம் ஓடியது. மறுநாள் காலை கங்கப்பன் வீட்டு டிவியில் மாலையும் இல்லை, மேடையும் இல்லை. வெறும் கால்கள்.

“பட்டம் வாங்குனது நானா, எஞ்செருப்பாடா?” என்றார் சோபாவிலிருந்த கங்கப்பன்.

“லைட்டு பத்தலீங்கண்ணா.” முதுகில் அடி விழுமுன் எதையாவது சொல்லியாக வேண்டுமே.

திரையில் செருப்புகளுக்கு நடுவே ஒரு வெறுங்கால் வந்தது. கட்டைவிரல் இல்லை. தொழிற்சாலையில் இரும்பு விழுந்து மாரிசாமிக்குப் போன விரல் அது. காட்சிக்குக் காட்சி அந்தக் கால் கங்கப்பனை நெருங்கியது.

கடைசியில் தரை மாறியது. கேமரா ஒருநாளும் வந்திராத இதே ஹால், இதே சோபா, கங்கப்பன் இப்போது கட்டியிருக்கும் கோடுபோட்ட லுங்கி. அதன்மேல் தடி இறங்கியது.

பிரகாசம் பதறி, டேப் ஓடிக்கொண்டிருந்த டெக்கை அணைத்தான். படம் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால், சோபாப் பக்கம், அடிக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை. இந்தத் தடவையும் மாற்றி அமுக்கிவிட்டோமோ என்று, திரும்பிப் பார்க்காமல், அவன் அதே பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தான்.