பெஞ்சில் பேராசிரியை

அந்த ஆண்டு பொருளியல் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். பாடம் நடத்திப் பழகும்போது உடன் படிப்பவர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். உட்கார யாரும் இல்லாததால் பேராசிரியை தில்லைநாயகியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஏன் பொருளியலுக்குப் பயப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் அந்தப் பக்கமிருந்து கரும்பலகையைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்றைய பாடம் வாய்ப்புச் செலவு. ஒன்றைச் செய்தால் அதற்காக இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்று விளக்கிவிட்டு ஜெசிந்தா கைகாட்டினாள்.

“நீ எழுந்திரு. நேத்து சாயங்காலம் என்ன பண்ணின?”

தில்லைநாயகி எழுந்து நின்றாள். பிளஸ் ஒன் பிள்ளை மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“வீட்ல சும்மா உக்காந்திருந்தேன் டீச்சர்.”

“சரி, அதுக்காக எதை விட்ட?”

யோசித்துப் பார்த்தாள். போக வேண்டிய வீடு, பேச வேண்டிய ஒரு போன், எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

“எதையும் விடல டீச்சர்.”

தவறான விடை, திருத்த வேண்டும். ஜெசிந்தா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள்.

“அப்போ இன்னைக்கு சாயங்காலம் எங்க ஹாஸ்டலுக்கு வா, கேரம் ஆடலாம்” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சாரி மேடம், ஏதோ வேகத்துல...”

மணி அடித்தது. இனி தில்லைநாயகி எழுந்து கரும்பலகைப் பக்கம் போய், பாடம் நடத்தியதில் இருந்த குறைகளைச் சொல்ல வேண்டும். அவள் பெஞ்சை விட்டு நகரவில்லை.

“எத்தனை மணிக்கு வரணும் டீச்சர்?”