சீமை ரத்தம்

"குணம் என்பது ரத்தத்தில் ஓடுவது, இராஜம்மா! மனுஷனுக்கும் சரி, நாய்க்கும் சரி. வளர்ப்பாவது வெங்காயமாவது!"

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் கூடத்தில் நின்று ரயில்வே ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சபாபதி இப்படி முழங்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் அவருடைய டியூக் தபால்காரரின் கால்சட்டைத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு உறுமியது.

டியூக் வெள்ளை வெளேரென்ற புல் டெர்ரியர். டெங்கில் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. ஆகவே அது நாய் அல்ல, சீமை ரத்தம்.

"ரத்தம் என்னங்க பண்ணும்? போறவங்க வர்றவங்களைக் காட்டி 'பிடிடா டியூக்'னு ஏவினது நீங்க. பிடிச்சா தட்டிக் குடுத்ததும் நீங்க. அது படிச்சுக்கிச்சு" என்றாள் அவர் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? சீமை நாய் தராதரம் பார்த்துத்தான் கடிக்கும்."

"அப்போ நாளைக்குக் கிள்ளான் தம்புசாமி தன் மகனுக்கு நம்ம ரமணியைப் பெண் பார்க்க வர்றப்போ தராதரம் பார்க்கச் சொல்லுங்க. 'வீட்டு நாயைப் பார்த்தா வீட்டுக்காரனைத் தெரிஞ்சுக்கலாம்'னு சொல்றவராம் அவரு. ஒரு வீட்டுல நாய் குரைச்சதுக்கே காப்பி குடிக்காம திரும்பிட்டாராம்!"

சபாபதியின் மீசை லேசாகத் தொங்கியது. ரமணிக்கு இது மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டையும் கலைத்தது டியூக்தான்.

"நாயை நான் பார்த்துக்கறேன். நீங்க கோட்டை மாட்டிக்கிட்டுச் சும்மா உட்காருங்க, போதும்" என்றாள் இராஜம்மா.

மறுநாள் தம்புசாமி படியேறியதும் சபாபதி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அலறல் கேட்கவில்லை. மெல்லத் திறந்து பார்த்தால், டியூக் விருந்தாளியின் காலடியில் படுத்து வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"அடடா, என்ன சாது! ரத்தத்துலயே வந்த குணமா, கிராணியாரே?"

சபாபதி நிமிர்ந்தார். "ரத்தமாவது வெங்காயமாவது! எல்லாம் என் வளர்ப்பு."

தம்புசாமி நாயைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"சிவ சிவா! நாய்க்கும் திருநீறு பூசுற வீடா!" என்று சிலிர்த்துப்போய், மூன்று விரலால் நெற்றியில் இழுத்துக்கொண்டார். "இதுக்கு மேல நான் என்னத்தைப் பார்க்கணும்? தட்டை மாத்திக்குவோம், சம்பந்தி!"

தம்புசாமி தெருமுனை தாண்டியதும் சபாபதி மீசையை முறுக்கினார்.

"பார்த்தியாடி என் வளர்ப்பை? டியூக், ஸிட்!"

நாய் கொட்டாவி விட்டது.

"அதுக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்றாள் இராஜம்மா. "பாசார்ல மீன் விக்கிற மாரியாயி தடவித் தடவி வளர்த்த நாய். பச்சரிசி மாவைப் பூசி, டியூக்கோட கழுத்துப் பட்டையை மாட்டி விட்டேன். டியூக் விடியறதுக்குள்ளயே சாலாக் செலாத்தான்ல என் அண்ணன் வீட்டுக்குப் போயாச்சு."

"பொய்! கண்ணும் கருத்துமா வளர்த்த டியூக்கை எனக்கு அடையாளம் தெரியாதா? அந்த முகம், அந்த நடை, அந்த ரத்தம்..."

நாய் சுகமாக மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

அது பெட்டை.